ஸ்மார்ட் ஹோம் போடும் முன், வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள்

வீட்டு லைட், ஃபேன், மோட்டாரைப் போனிலும் இயக்கும்படி ஆட்டோமேஷன் செய்து கொடுப்பது என் தொழில். கோவையில் என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு, ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்காகக் கேட்பவர்கள். எத்தனை லைட், எத்தனை ஃபேன், கேமரா எங்கே, பட்ஜெட் எவ்வளவு என்று எல்லாம் விசாரிப்பார்கள். தினமும் அதைத் தொட்டு இயக்கப்போவது யார், அவருக்குக் கண் எப்படித் தெரியும், கை நடுங்குமா, எந்த மொழி படிப்பார் என்பது மட்டும் பேச்சிலேயே வராது. அதனால் அதைத்தான் நான் முதலில் கேட்கிறேன்.

கண்ணாடி டச் பேனலை எடுத்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் பளபளவென்று இருக்கும். பழைய சுவிட்ச் போர்டில், ராத்திரி கரண்ட் வந்ததும், இருட்டில் கையால் தடவியே இடமிருந்து மூன்றாவது ஃபேன் என்று கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடியில் தடவினால் தடவிய அத்தனையும் ஆன் ஆகும். விரல் பட்டதும் உண்டாகும் மின்மாற்றத்தை வைத்துத்தான் அது வேலை செய்கிறது என்பதால், வயதானவர்களின் வறண்ட விரலுக்கும், சமையலறையில் ஈரக்கைக்கும் ஒழுங்காகக் கேட்காது. கண்புரை இருப்பவருக்கு ராத்திரியில் பேனலின் வெள்ளை வெளிச்சமே கூசும். இதில் எட்டு ஐகான், எட்டும் ஒரே அளவு, ஒரே நிறம்.

அப்படி ஒரு பேனல் இருந்த வீட்டுக்கு சர்வீஸுக்குப் போயிருந்தேன். அந்த அம்மா ஃபேன் பட்டனில் பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டும், நைட் லேம்ப்பில் சின்னக் கறுப்புப் பொட்டும் ஒட்டி வைத்திருந்தார். மற்ற ஆறையும் அவர் தொடுவதே இல்லை. மகனுக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது, எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. அந்த வீட்டுக்கு என்ன தேவை என்பதை எந்த டிசைனரையும் விடத் தெளிவாக அந்த அம்மா சொல்லிவிட்டார்: இரண்டே பட்டன், கண்ணுக்குத் தெரிகிற நிறம், விரலுக்குத் தட்டுப்படுகிற மேடு. இப்போது வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால், போர்டில் இருக்கும் பழைய சுவிட்சை அப்படியே விட்டு, அதன் பின்னால் ஸ்மார்ட் ரிலேயை, அதாவது போனிலிருந்தும் ஆன்-ஆஃப் செய்ய வைக்கும் சின்னக் கருவியை, வைத்துவிடுகிறேன். சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும்.

போன் திரைக்கு வருவோம். ஒரே வீடுதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே திரை எதற்கு? ஹோம் அசிஸ்டன்ட் மாதிரி ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் ஆளுக்கொரு டேஷ்போர்டு, அதாவது பட்டன்கள் இருக்கும் திரை, வைக்கலாம். தாத்தா போனில் நாலே பட்டன்: ஃபேன், லைட், மோட்டார், வாசல் லைட். தொடும் இடம் குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டு திரைக்கான அளவு அலகு), அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டின் வழிகாட்டுதலே சொல்கிறது. நடுங்கும் கைக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்சத்தில் குறைந்தது 4.5:1 மாறுபாடு இருக்க வேண்டும் என்பது, பார்வைக் குறை போன்றவை உள்ளவர்களும் பயன்படுத்துவதற்கான இணைய அணுகல் விதி. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து போடும் அழகான ஆப்கள் பல இதிலேயே தோற்றுவிடும்.

மோட்டாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் வீட்டில் அதிகம் யோசித்துப் போடுகிற சுவிட்ச் அதுதான், ஆனால் ஆப்பில் அது இரண்டாம் பக்கத்தில், பத்து பிளக்குகளோடு ஒரு பிளக்காக ஒளிந்திருக்கும். கிணற்றிலோ போரிலோ தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் போய்விடும் என்பதால், அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, ‘ஓடுகிறது, 12 நிமிடம்’ என்று எழுத்திலேயே காட்டச் சொல்வேன். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. ஆப்பில் பச்சை என்றால் ஆன். நம் போர்டில் காலங்காலமாகக் கரண்ட் இருப்பதைக் காட்டுவது சிவப்பு இண்டிகேட்டர். சிவப்பு-பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு இரண்டுமே ஒன்றுதான்.

அப்புறம், ‘உங்கள் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு தானாக மாறும்’ என்று விற்பார்கள். இதில் கவனமாக இருங்கள். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2000-ல் அதிகம் பயன்படுத்தாத கட்டளைகளை மெனு தானாகவே மறைத்துக்கொண்டது. நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை என்று ஆட்கள் தேடி அலுத்தார்கள். 2007 பதிப்பில், மேலே பட்டன்களைப் பட்டையாகக் காட்டும் புது ரிப்பன் வந்தபோது முக்கிய மென்பொருள்களில் அந்த மெனுவே போய்விட்டது. எண்பது வயதில் ஒருவர் கைப்பழக்கத்தில்தான் பட்டனைத் தொடுகிறார், படித்துப் பார்த்து அல்ல. இடம் மாறினால் அவருக்கு எல்லாமே போச்சு. அடிக்கடி தொடுவதன் நகலை மேலே வைக்கலாம், அசல் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரக்கூடாது.

கற்றுக்கொள்வதே தப்பு என்று சொல்லவில்லை. 1990-களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரில், மைக்கேல் மோசர் என்ற பேராசிரியர் தான் குடியிருந்த வீட்டையே நியூரல் நெட்வொர்க்கால், அதாவது பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரலால், இயங்க வைத்தார். வெளிச்சம், ஹீட்டர், சுடுதண்ணீர் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டது. அதற்கென்று புதிதாக எந்தத் திரையும் பழக வேண்டியதில்லை, வழக்கமான சுவிட்சுகள்தான். வீட்டில் இருப்பவர் போய் ஒரு சுவிட்சைப் போட்டால், தன் கணிப்பு தவறு என்று வீடு அதிலிருந்து பாடம் எடுத்துக்கொள்ளும். மனிதர் இருந்தபடியே இருக்க, வீடுதான் மாறியது. இத்தனை வருடம் கழித்தும் நம் சந்தையில் இதைத் தலைகீழாகத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்பது எனக்கு வருத்தம்.

குரலில் இயக்குவது கை முடியாதவர்களுக்குப் பெரிய உதவி, சரி. ஆனால் பல்செட்டைக் கழற்றி வைத்த பிறகு, அல்லது பக்கவாதத்தில் பேச்சு குழறும்போது, ஸ்பீக்கருக்குப் புரியாது. குரலை மட்டுமே வழியாக வைக்காதீர்கள்.

இன்னொன்று, கணக்கு யார் பெயரில் என்பது. மகன் போனில் அட்மின், அப்பா வெறும் விருந்தினர் என்று அமைத்துவிட்டால், சொந்த வீட்டின் கேட் கேமராவை நிறுத்தி வைக்கக்கூட அப்பா அமெரிக்காவில் விடியும்வரை காத்திருக்க வேண்டும். ஹாலில் கேமரா வேண்டுமா என்று அம்மாவிடம் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். அந்த வீட்டில் குடியிருப்பவருக்கும் அட்மின் உரிமை கொடுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும், அவர் நம்பும் ஒருவருக்குக் கொடுங்கள்.

வேலை முடிந்தது என்று இன்ஸ்டாலர் சொன்னதும், நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்கிறதா என்று பார்க்க வைஃபை ரவுட்டரை அணைத்துவிட்டு, வீட்டில் மூத்தவரைக் கூப்பிட்டு ஃபேன், பாத்ரூம் லைட், மோட்டார் மூன்றையும் போடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கக் கூடாது. அவரால் முடியவில்லை என்றால் வேலை முடியவில்லை, பாக்கித் தொகையைக் கொடுக்காதீர்கள்.