ஒமக்கசே: விருப்பம் அன்று, பொறுப்பு

ஜப்பானிய உணவைப் பற்றித் தமிழில் எழுதும்போது தவிர்க்க முடியாமல் வந்து நிற்கும் சொற்களுள் ஒமக்கசே ஒன்று. உணவுப் பட்டியலைப் பார்த்து இன்னின்னது வேண்டும் என்று கேட்காமல், சமைப்பவர் தருவதைத் தருகிற வரிசையிலேயே உண்ணும் முறை என்று அதற்கு விளக்கம் சொல்லிவிடலாம். அந்த விளக்கத்தில் பிழையும் இல்லை. ஆனால் ஒரே சொல்லில் தமிழாக்க முயலும்போது 'சமையலர் தேர்வு' என்றோ 'சமையலர் விருப்பம்' என்றோ எழுதத் தோன்றுகிறது. அங்கேதான் பொருள் தலைகீழாகிறது. ஒமக்கசே என்பது சமைப்பவர் செய்யும் செயலின் பெயர் அன்று. உண்ண வந்தவர் செய்யும் செயலின் பெயர்.

ஜப்பானிய இலக்கணமே இதற்குச் சான்று. மகசெரு என்ற வினைச்சொல்லுக்கு, ஒரு காரியத்தை இன்னொருவரின் பொறுப்பில் விடுதல் என்று பொருள். அதன் பெயர் வடிவம் மகசே. முன்னால் நிற்கும் 'ஒ' மரியாதை முன்னொட்டு. கடையில் உட்கார்ந்தவர் "ஒமக்கசே ஷிமஸ்" என்று சொல்லும்போது, 'ஒ' என்ற முன்னொட்டும் வினையின் பெயர் வடிவமும் 'செய்தல்' என்ற துணைவினையும் சேர்ந்த அந்த அமைப்பு, ஜப்பானிய மொழியில் பேசுபவர் தம்மைத் தாழ்த்திக்கொண்டு தம் செயலைச் சொல்வதற்கென்றே அமைந்த பணிவு வடிவம். "இதைத் தங்கள் பொறுப்பில் விடுகிறேன்" என்பது அதன் நேர்ப்பொருள். எழுவாய் 'நான்'. அந்த வாக்கியத்தில் சமைப்பவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவரிடம் ஒன்று விடப்படுகிறது, அவ்வளவே.

உணவுக்கு மட்டும் உரிய சொல்லும் அன்று இது. முடிதிருத்தும் கடையில் "உங்களுக்கு எது பொருத்தமாகத் தோன்றுகிறதோ அப்படியே வெட்டுங்கள்" என்று சொல்ல நினைப்பவரும், பூக்கடையில் விலையை மட்டும் சொல்லிவிட்டுப் பூச்செண்டைக் கட்டித் தரச் சொல்பவரும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானிய வீட்டுச் சலவை இயந்திரங்களில், துணியின் அளவைப் பார்த்து நீரையும் நேரத்தையும் இயந்திரமே முடிவு செய்துகொள்ளும் பொத்தானுக்குக்கூட ஒமக்கசே என்றே பெயர். ஜப்பானுக்கு வெளியே இச்சொல் விலையுயர்ந்த விருந்தின் பெயராகப் பரவியதால் அதில் ஆடம்பரப் பொருள் ஒட்டிக்கொண்டது. சொல்லுக்குள் விலை எதுவும் இல்லை.

மகசெரு என்ற வினையை எழுதப் பயன்படும் சீன எழுத்தின் வரலாறு தமிழ் வாசகர்களுக்குத் தனிச்சுவை தரக்கூடியது. இடப்பக்கத்தில் மனிதனைக் குறிக்கும் உறுப்பைக் கொண்ட அந்த எழுத்து, பழஞ்சீனத்தில் தோளில் சுமத்தல், சுமை என்ற பொருள்களில் வழங்கியது. பின்னர் அது பதவி, கடமை, ஒருவரைப் பணியில் அமர்த்துதல் என்றெல்லாம் விரிந்தது. ஜப்பானிய மொழியில் பொறுப்பைக் குறிக்கும் செகினின் என்ற சொல்லின் பிற்பாதியும் இதே எழுத்துதான். நம் மொழியில் 'பொறு' என்ற வினைக்கும் தாங்குதல், சுமத்தல் என்பதே அடிப்படைப் பொருள். பொறை என்றால் சுமை. அந்த வேரிலிருந்துதான் பொறுப்பு என்ற சொல் பிறந்தது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், தோளில் ஏற்றும் சுமையிலிருந்து மனத்தில் ஏற்றும் கடமைக்கு ஒரே பாதையில் நடந்து வந்திருக்கின்றன. தமிழ் நிகரைத் தேடும்போது இந்த ஒற்றுமையை நழுவவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

காடி கலந்த சோற்றைக் கையால் பிடித்து அதன்மேல் மீனை வைத்துத் தரும் சுஷிக் கடையில் உணவு கேட்பதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் அருகருகே வைத்தால்தான் ஒமக்கசேயின் எல்லை தெரியும். முதலாவது ஒக்கொனொமி. கொனொமி என்றால் விருப்பம். உண்பவர் தாம் விரும்பும் மீனை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்பது. இரண்டாவது ஒக்கிமரி. 'முடிவு செய்யப்பட்டது' என்று பொருள்படும் இச்சொல், இத்தனை துண்டுகள், இன்ன விலை என்று கடை முன்கூட்டியே வகுத்து வைத்த தொகுப்பைக் குறிக்கும். பல கடைகளில் அந்தத் தொகுப்புகளுக்குப் பைன், மூங்கில், பிளம் என்று மரஞ்செடிகளின் பெயர்களால் தரவரிசை வைத்திருப்பார்கள். மூன்றாவதே ஒமக்கசே. ஆகவே 'விருப்பம்' என்ற சொல்லைத் தமிழில் செலவழிக்க வேண்டிய இடம் ஒக்கொனொமி. அதை ஒமக்கசேக்குக் கொடுத்துவிட்டால், ஜப்பானியர் எதிரெதிராக வைத்த இரண்டு சொற்களை நாம் ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம்.

இந்தப் பொறுப்பு விடுதல் நடைமுறையில் என்ன செய்கிறது என்பதைத் தோக்கியோவின் மலிவான சிறு கடைகளில்தான் நன்றாகக் காண முடியும். பெயர்பெற்ற கடைகளில் ஓர் இரவு உணவுக்குப் பல்லாயிரம் யென் ஆகும். ஆனால் அதே நகரத்தில், எட்டுப் பேர் மட்டும் ஒரு வரிசையில் உட்காரக்கூடிய, சில இடங்களில் நின்றுகொண்டே உண்ணக்கூடிய கடைகள் மதிய வேளையில் சில ஆயிரம் யென்னுக்கே ஒமக்கசே தருகின்றன. தரத்தைக் குறைத்துத்தான் விலையைக் குறைக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பட்டியல் வைத்திருக்கும் கடை, யார் எதைக் கேட்பார்களோ என்று எல்லா மீனையும் வாங்கி வைக்க வேண்டும், கேட்கப்படாதது வீணாகும், அந்த வீணின் விலையும் உண்பவர் தலையிலேயே விழும். தேர்வைத் தம்மிடம் விட்டுவிட்ட எட்டுப் பேருக்குச் சமைப்பவரோ, காலையில் தோயோசு மீன் சந்தையில் அன்று எது நன்றாகவும் மலிவாகவும் இருக்கிறதோ அதை எட்டுப் பேருக்கு மட்டும் வாங்கி வரலாம். சூரையின் கொழுத்த வயிற்றுப் பகுதிக்குப் பதிலாக மத்தியும் அயிலையும் பாரை இன மீன்களும், சமைப்பவருக்கும் உண்பவருக்கும் இடையிலுள்ள நீண்ட பலகைக்கு வரும். பரிமாற ஆள் தேவையில்லை. சமைப்பவரே கைநீட்டி முன்னால் வைக்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிப்பதால் அடுத்த எட்டுப் பேருக்கு இடம் உறுதியாகிறது. ஆக, அந்தக் குறைந்த விலையைச் சாத்தியமாக்குவதே உண்பவர் விட்ட பொறுப்புதான். விலையுயர்ந்த கடையில் இச்சொல் ஒரு மரியாதை. சிறு கடையில் அது கடையையே தாங்கும் தூண்.

ஒரே ஒரு துண்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். கொஹதா என்ற மீன் உள்ளங்கை நீளமே உள்ளது. வெள்ளிப் பளபளப்பும் சிறு கரும்புள்ளிகளும் கொண்டது. ஜப்பானில் வளர வளரப் பெயர் மாறும் மீன்கள் சில உண்டு; அவற்றுள் இதுவும் ஒன்று. மிகச் சிறியதாக இருக்கும்போது ஷின்கோ, பிறகு கொஹதா, முழுதாக வளர்ந்தபின் கொனொஷிரோ. மற்ற மீன்கள் வளர்ந்தால் விலை ஏறும். இது வளர்ந்தால் விலை இறங்கும். செதில் நீக்கி, பிளந்து, முள்ளெடுத்து, உப்புத் தூவி வைத்து, கழுவி, புளிக்காடியில் ஊறவைத்து, பிறகு அடங்கவிட்டு எடுக்கிறார்கள். உப்பில் எத்தனை நிமிடம், காடியில் எத்தனை நிமிடம் என்பது அன்றைய மீனின் அளவையும் கொழுப்பையும் பருவநிலையையும் பொறுத்தது. அதை எழுதிவைக்க முடியாது. மலிவான மீன்தான், ஆனால் கை தவறினால் உப்புக் கரிக்கும் அல்லது பச்சை வாடை நிற்கும். உண்பவர் எதன்மீது நம்பிக்கை வைத்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்தக் கைப்பக்குவம் இந்த ஒரு துண்டிலேயே தெரிந்துவிடும். சமைப்பவர் சோற்றை எடுத்து, இரண்டு மூன்று முறை அழுத்தி, மீனைப் பொருத்தி, தூரிகையால் சோயாச் சாற்றைப் பூசிப் பலகைமேல் வைத்ததும், உள்ளே காற்று இருக்கும்படி தளர்வாகப் பிடித்த அந்தச் சோறு தன் எடையில் ஒரு நூலளவு கீழே அமர்வதைக் கண்ணால் காணலாம். அந்த நொடியில் எடுத்து உண்ண வேண்டும் என்பதற்காகவே மேசைகளை விட்டுப் பலகை முன்னால் உட்காருகிறார்கள்.

அந்தச் சோற்றுக்குச் சுஷிக் கடைக்காரர்கள் வழங்கும் பெயர் ஷரி. இங்கே நமக்கு உண்மையான ஓர் உறவு கிடைக்கிறது. புத்தரின் உடல் எச்சங்களைக் குறிக்கும் 'சரீர' என்ற வடசொல் சீனம் வழியாக ஜப்பானுக்குச் சென்று ஷரி ஆயிற்று; வெண்ணிறச் சோற்றுப் பருக்கைகள் அந்த எச்சங்களைப் போலத் தோன்றியதால் சோற்றுக்கு அப்பெயர் வந்தது என்பது பரவலாக வழங்கும் விளக்கம். தமிழில் நாம் உடல் என்ற பொருளில் வழங்கும் சரீரம் அதே சொல்தான். சமைப்பவரைக் குறிக்கும் இத்தமயே என்ற சொல்லுக்கோ 'பலகையின் முன் இருப்பவர்' என்று பொருள். எவ்வளவு எளிய பெயர்!

மலிவான சுஷிப் பலகை என்பது இன்று புதிதாகத் தோன்றியதும் அன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தோக்கியோ எடோ என்ற பெயரில் இருந்தபோது, கையால் பிடித்த சுஷி தெருவோரத் தள்ளுகடைகளில் உழைப்பாளிகள் நின்றபடி உண்டு செல்லும் உணவாகவே இருந்தது; அதைப் பரவச் செய்தவர் என ஹனயா யொஹெய் என்பவரின் பெயரைச் சொல்வது மரபு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இல், உணவுப் பற்றாக்குறையால் உணவகங்கள் இயங்குவதற்கே அரசு தடை விதித்தது. அப்போது தோக்கியோவின் சுஷித் தொழிலாளர்கள், வாடிக்கையாளர் தம் பங்கீட்டு அரிசியில் ஒரு கோ, அதாவது ஏறக்குறைய 150 கிராம், கொண்டுவந்து கொடுத்தால் அதற்குப் பத்துத் துண்டுச் சுஷி பிடித்துத் தந்து, கூலியை மட்டும் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அனுமதி வாங்கினார்கள். இது ஒமக்கசே என்ற சொல்லின் பிறப்பிடம் அன்று. ஆனால் பசித்த காலத்தில் தன் கையிலிருந்த அரிசியையே பலகைக்கு அப்பால் நிற்பவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த அந்த வாடிக்கையாளரை நினைக்கும்போது, பொறுப்பில் விடுதல் என்ற சொல்லின் முழு எடையும் எனக்குப் புரிகிறது.

இனித் தமிழ் நிகர். ஒப்படைப்பு என்பது முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அச்சொல் நிலம், ஆவணம், ஆயுதம் ஆகியவற்றோடு பழகி, அலுவலக வாடை ஏறிவிட்டது. ஒப்புவிப்பு நல்ல சொல். எனினும் பள்ளியில் பாடம் ஒப்புவித்தல் என்ற வழக்கு குறுக்கே வந்து நிற்கிறது. அடைக்கலம் என்பதில் பாதுகாப்பு உண்டு, செய்துமுடித்தல் இல்லை. நமக்குத் தேவையானது, ஒருவரின் திறமையை அறிந்து, அவரிடம் ஒரு வேலையை விட்டுவிட்டு, இடையில் தலையிடாமல் இருத்தல் என்ற பொருள். அதற்கு 'விடு' என்ற வினையே போதும் என்பதற்குத் திருக்குறளில் தெளிவான ஆட்சி இருக்கிறது: "இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்" (517). அரசன் வினையாளனைத் தேர்ந்து பணியில் அமர்த்துவதைச் சொல்லும் குறள் இது. ஜப்பானியச் சொல்லின் எழுத்தும் பணியில் அமர்த்துதல் என்ற பொருளைக் கொண்டதுதான் என்பதை மேலே பார்த்தோம். 'அவன்கண் விடல்' என்ற அந்தத் தொடரைவிட மகசெரு என்ற வினைக்கு நெருங்கிய தமிழ் எனக்குத் தெரியவில்லை.

எனவே வினைக்குப் 'பொறுப்பில் விடுதல்' என்பதும், பெயருக்குப் 'பொறுப்புவிடல்' என்பதும், அந்த உணவு முறைக்குப் 'பொறுப்புவிடு விருந்து' என்பதும் பொருந்தும். விடு விருந்து என்பது விட்ட, விடுகின்ற, விடும் என்று முக்காலத்துக்கும் இடம் தரும் வினைத்தொகை. விருந்து என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்தேன். அதன் பழம்பொருள் புதுமை. நேற்றுக் கிடைத்த மீன் இன்று கிடைக்காத, நாள்தோறும் வரிசை மாறும் ஓர் உணவுக்கு அது தகும். பேச்சில் இவ்வளவும் தேவையில்லை. தையற்காரரிடம் துணியைக் கொடுத்து "உங்க பொறுப்பு, நீங்களே பாத்துச் செஞ்சிடுங்க" என்று சொல்கிறோமே, அதுவே "ஒமக்கசே ஷிமஸ்" என்பதற்குச் சரியான தமிழ்.

கடன்சொல்லாகவே எழுத விரும்புவோருக்கு எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு சொல். ஜப்பானியத்தில் இது நான்கு குறில்களால் ஆனது. நெடில் எதுவும் இல்லை. ஆகையால் 'ஓமாகாசே' என்று நீட்டுவது பொருந்தாது. 'ஒமகசே' என்று எழுதினால், உயிர்களுக்கு இடையில் வரும் ககரம், மகசூல் என்பதில் போல மெலிந்து ஒலிக்கும். வல்லொலியைக் காக்க ஓர் ஒற்றைச் சேர்ப்பதும், எகரக் குறிலில் சொல் முடிவது தமிழில் இயல்பன்று என்பதால் இறுதியை மட்டும் நெடிலாக்குவதும் நம் மரபுக்கு ஒத்தவை; அதனாலேயே இங்கே ஒமக்கசே என்று எழுதியிருக்கிறேன்.

பொறுப்பை விடுவதாலேயே உண்பவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் துண்டுக்கு முன்பே, உண்ணக் கூடாததோ பிடிக்காததோ ஏதேனும் உண்டா என்று சமைப்பவர் கேட்பார். அதற்கு ஒளிவின்றிப் பதில் சொல்வது விடுபவரின் கடமை. வரிசை முடிந்ததும், அன்றைய சுற்று நிறைவுற்றது என்று அவரே அறிவிப்பார். அதன் பிறகு, மனத்துக்குப் பிடித்த ஒன்றைப் பெயர் சொல்லி மறுபடியும் கேட்கலாம். கொஹதா இன்னொன்று என்று கேட்கும் அந்த நொடியில் உணவு ஒமக்கசேயிலிருந்து ஒக்கொனொமிக்கு, பொறுப்பிலிருந்து விருப்பத்துக்கு, மாறுகிறது.