செம்பை வடக்கே தள்ளி வை

"என் பாட்டி இடப்பக்கம், வலப்பக்கம் என்றே சொல்வதில்லை. 'செம்பைக் கொஞ்சம் வடக்கே தள்ளி வை' என்கிறார். வீட்டுக்குள் திசை எப்படித் தெரிகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வழி சொல்வதில் இரு வகை உண்டு. ஒன்று நம் உடம்பை வைத்துச் சொல்வது: இடம், வலம். மற்றது நிலத்தை வைத்துச் சொல்வது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பலகைகளில் சாலை எண்ணோடு 'வடக்கு', 'தெற்கு' என்றும் எழுதியிருக்கும். நம் பலகைகளில் ஊர்ப்பெயரும் அம்புக்குறியும்தான்.

இது வெறும் பேச்சு வழக்கா, நினைவே அப்படித்தான் பதிகிறதா? 1990களில் நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தார் இதற்கு ஒரு சோதனை வைத்தார்கள். எளிமையில் அதற்கு ஈடு கிடையாது. வடக்கு பார்த்து நிற்கிறீர்கள். எதிரே மேசையில் மூன்று பொம்மை விலங்குகள், வலப்பக்கம், அதாவது கிழக்கு நோக்கி, வரிசையாகப் போகின்றன. பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு, அப்படியே முதுகுப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கே வெறும் மேசை. "முன்பு இருந்தபடியே அடுக்குங்கள்." டச்சுக்காரர்கள் மறுபடியும் வலப்பக்கமாகவே அடுக்கினார்கள், விலங்குகள் இப்போது மேற்கே போயின. இதே போன்ற திரும்பும் சோதனைகளில் ஆஸ்திரேலியாவின் கூகு யிமித்திர் என்ற பழங்குடி மக்களில் பெரும்பாலோர் திசையையே மாறாமல் வைத்துக்கொண்டார்கள். உடம்பு திரும்பினாலும் அவர்களுடைய மாடு கிழக்கேதான் போகும்! 'கங்காரு' என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்ததும் அவர்கள் மொழிதான்.

அதே நிறுவனத்து ஆய்வாளர் எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் ஆராய்ந்தபோது இரண்டு வழக்கமும் தமிழிலேயே இருப்பதைக் கண்டார். கிராமத்தார் திசை சொன்னார்கள்; நகரத்தார் இடம், வலம் சொன்னார்கள். காரணம் மொழியா, சுற்றுப்புறமா என்ற சண்டை ஓயவில்லை. நம் பாட்டிகளைப் பற்றிய ஆய்வுக்கு ஐரோப்பியப் பணம் வேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். வாஸ்து பார்க்க மட்டும் நம்மிடம் பணத்துக்குக் குறைவில்லை. அக்கினி மூலையைக் காட்டத் தெரிந்தவர்களைப் பஸ் நிலையத்தில் நிறுத்தி வடக்கு எது என்று கேட்டுப் பாருங்கள்.

பாட்டியிடம் மந்திரம் ஏதுமில்லை. ஒவ்வொரு திருப்பத்தையும் மூளை அவர் அறியாமலே கணக்கு வைத்துக்கொண்டே வருகிறது. வெயிலும் தெருவின் போக்கும் அதைத் திருத்திக் கொடுக்கின்றன. அவர் சொற்களிலேயே நிலம் இருக்கிறது: மேற்கு மேட்டுப்பக்கம், கிழக்கு கீழ்ப்பக்கம், மலையிலிருந்து கடலுக்கு. கேரளத்தில் சரிவு நேர்மாறு. அங்கே மேற்கைப் 'படிஞ்ஞாறு', ஞாயிறு படும் பக்கம், என்று மாற்றிக்கொண்டார்கள். மலை எழுந்து நிற்கும் பக்கம் மட்டும் இன்றும் 'கிழக்கு'தான்.