லெப்டின்: பசியடக்கியா, இருப்புணர்த்தியா?

உடலின் கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டினைப் பற்றி யார் எழுதினாலும் ‘பசியடக்கி ஹார்மோன்’ என்றே எழுதுகிறார்கள். பெண்கள் உடல்நலக் கட்டுரைகளில் இந்தச் சொல் செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல.

‘லெப்டின்’ என்ற சொல்லின் மூலத்தில் சிக்கல் இல்லை. கிரேக்கத்தில் ‘லெப்டோஸ்’ என்றால் மெலிந்தது. 1994இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு, மிகையாகக் கொழுத்த ஒருவகை எலிகளில் பழுதுபட்டிருந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்துக்கு இட்ட பெயர் இது. புரதம் இல்லாத எலி கொழுத்தது, கொடுத்ததும் மெலிந்தது. நம் மொழிபெயர்ப்பு அந்த எலியோடு நின்றுவிட்டது.

லெப்டின் மூளைக்குச் சொல்லும் செய்தி ‘கையிருப்பு இவ்வளவு’ என்பது. கொழுப்பணுக்கள் பெருத்தால் இரத்தத்தில் அது ஏறும், சுருங்கினால் இறங்கும். மூளை உடனே விழித்துக்கொள்வது இறக்கத்துக்குத்தான். கடுமையாக ஓடிப் பயிற்சி செய்து, அதற்கேற்ப உண்ணாத ஓர் இளம்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். லெப்டின் இறங்குகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்த தூண்டல் தளர்கிறது. சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது. மாதவிடாய் நிற்கிறது, எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்குகிறது. இப்படி மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு லெப்டின் ஊசி போட்டுப் பார்த்த ஒரு சிறு ஆய்வு 2004இல் வெளியானது; சிலருக்குக் கருமுட்டை மறுபடி வெளிப்பட்டது. இந்த நிலையைப் ‘பசியடக்கிக் குறைபாடு’ என்று எழுதினால், அந்தப் பெண் கண்டபடி சாப்பிடுகிறாள் என்றல்லவா படிப்பவர் நினைப்பார்? அவளுக்கு வேண்டியது கூடுதல் உணவும் குறைந்த பயிற்சியும். மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கருவுற்ற காலத்தில் இந்தச் சொல் முற்றிலும் உடைந்துபோகிறது. நஞ்சுக்கொடியும் சேர்ந்து சுரப்பதால் லெப்டின் இரண்டு மூன்று மடங்கு ஏறும். ஆனாலும் தாய் கூடுதலாகத்தான் உண்கிறாள். அந்தச் செய்திக்கு மூளை மந்தமாகிவிடுகிறது. உடற்பருமனிலும் இதே மந்தம்தான். லெப்டினுக்குப் பஞ்சமே இல்லை. ‘பசியடக்கி’ என்று நாம் எழுதி வைத்ததை நம்பித்தான் லெப்டின் மாத்திரையைத் தேடிப் போகிறார்கள். அது புரதம்; விழுங்கினால் செரித்துப் போகும்.

லெப்டினை லெப்டின் என்றே எழுதலாம். தமிழ்தான் வேண்டுமென்றால் ‘இருப்புணர்த்தி’. பூப்புக்கு முன் ‘இருப்பு போதும்’ என்று அனுமதி தருவதையும், பட்டினியில் கருவுறுதலைத் தள்ளிப்போடுவதையும் இந்த ஒரு சொல் தாங்கும்.

லெப்டினின் குடும்பப் பெயர் அடிபோகைன். லத்தீனில் ‘அடெப்ஸ்’ கொழுப்பு, கிரேக்கத்தில் ‘கினெய்ன்’ இயக்குதல். இதைக் ‘கொழுப்பு ஹார்மோன்’ ஆக்குகிறார்கள். தொகைச் சொற்கள் இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கும் என்று நன்னூல் சொல்லியிருக்கிறது. கொழுப்பால் ஆனதா, கொழுப்பை வளர்ப்பதா, கொழுப்பிலிருந்து வருவதா? ‘கொழுப்புத்திசு இயக்குநீர்’ என்றால் சுரக்கும் இடம் தெரிந்துவிடும். கொழுப்பு கூடினால் இவையெல்லாம் கூடும் என்பதும் பிழை. இந்தக் குடும்பத்தின் அடிபோனெக்டின், பருமன் ஏற ஏறக் குறையும். சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல் (பிசிஓஎஸ்) உள்ள பெண்களிடமும் குறைந்தே காணப்படுகிறது. அது குறைந்தால் இன்சுலின் வேலை மந்தமாகும்.

மாதவிடாய் நிரந்தரமாக நின்ற பின் வரும் ஈஸ்ட்ரோஜனையும் ‘கொழுப்பு ஹார்மோன்’ என்ற இதே பெயரில் அடைப்பதுதான் பொறுக்க முடியாத பிழை. அது அடிபோகைன் அல்ல, ஸ்டீராய்டு என்ற வேறு வகை ஹார்மோன். கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலிருந்தும் சினைப்பையிலிருந்தும் வரும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜனை எதிர்நின்று அடக்கப் புரோஜெஸ்ட்டிரான் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் இல்லாததால் கருப்பையின் உட்படலம் தடிக்கலாம், புற்றாகவும் மாறலாம். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் மருத்துவர்கள் அந்தப் படலத்தைச் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.