கோதிக் அலங்காரமும் கொப்புளங்களும்: ஒரு தோல் மருத்துவரின் குறிப்பு

கறுப்பு லேஸ் வைத்த கவுன், கழுத்தை ஒட்டிப் பிடிக்கும் சோக்கர், கருஞ்சிவப்பு உதட்டுச்சாயம், மணிக்கட்டில் கறுப்பு மெஹந்தியில் வரைந்த வௌவால் சிறகு. கல்லூரி விழாவுக்கும் போட்டோ ஷூட்டுக்கும் இப்படி உடுத்தி, உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர்ப் படைத் தளபதி டிலனாய் கல்லறைப் பக்கம் நின்று படம் எடுத்துவரும் பிள்ளைகளில் சிலர், சில நாள் கழித்துக் கொப்புளத்தோடு நாகர்கோவிலில் என் அறைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் அம்மா கூட வருவார். "இந்தக் கறுப்பு வேண்டாம், வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் டாக்டர், கேட்டாளா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

கறுப்பின் மேல் பழி போடாதீர்கள் என்பேன். கார்த்திகை பிறந்தால் நம் மாவட்டம் முழுக்க மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியில்தான் நடமாடுகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரையில் முகம் தெரிகிறது என்று வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். இருட்டிலும் பழமையிலும் அழகு காண்பது நமக்கு அந்நியமான ரசனை இல்லை.

இந்தப் பிள்ளைகள் பின்பற்றும், கோதிக் எனப்படும் இருண்ட பாணிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1861-இல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு, இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி 1901-இல் தான் சாகும்வரை துக்க உடையைக் கழற்றவில்லை. அவரைப் பார்த்து நாடே கறுப்பு உடுத்தியது. விட்பி கடற்கரையில் கிடைத்த ஜெட் என்ற கறுப்பு மணிக்கல்லில் நகை செய்தார்கள்; இறந்தவரின் முடியை லாக்கெட்டுக்குள் வைத்துப் போட்டுக்கொண்டார்கள். 1980-களில் லண்டன் இசை ரசிகர்கள் அந்தத் துக்க உடையை மறுபடி எடுத்தார்கள். 1992-இல் ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் தன் பட்டப்படிப்புத் தொகுப்பின் உடைகளில் மனித முடியையே சேர்த்தார். இதை மதிக்கத் தெரிந்த பிள்ளையை "பேய் மாதிரி இருக்கே" என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அதே விக்டோரியா காலம் இன்னொன்றையும் விட்டுச்சென்றது. 1856-இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த அனிலீனில் ஊதாச் சாயம் செய்தான். செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது. இன்றைய ஹேர் டையில் இருக்கும் பாரா-ஃபினைலீன்டையமீன், சுருக்கமாக பி.பி.டி., அந்தக் குடும்பத்துச் சரக்குதான். என் அறைக்கு வரும் மணிக்கட்டுகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் அதன் வேலை.

நம் வீட்டு மருதாணி ஆரஞ்சாகத் தொடங்கிச் செம்பழுப்பாகும். அதற்குச் சில மணி நேரம் வேண்டும். அரை மணியில் கன்னங்கரேல் என்று பிடிக்கிறதென்றால் அதில் பெரும்பாலும் பி.பி.டி. கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலும் திருவிழாக் கடைகளிலும் "கறுப்பு மெஹந்தி", "டெம்பரரி டாட்டூ" என்று போடுவதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று போடுகிறவருக்கே தெரியாது. ஹேர் டையில் இதற்கு அளவு உண்டு. ஐரோப்பாவில் தலையில் தடவும்போது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோலில் நேரடியாக வரைய அங்கே அனுமதியே இல்லை.

ஒவ்வாமை அன்றே வராது. முதல் தடவை என்றால் ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். ஏற்கெனவே உடலில் அதற்கு ஒவ்வாமை பதிந்திருந்தால் ஓரிரு நாளில் வந்துவிடும். முதலில் அரிப்பு, பிறகு சிவப்பு, பிறகு நீர்க் கொப்புளம். வரைந்த கோட்டை விட்டு அதிகம் விலகாது: வௌவாலின் சிறகு நுனி, காதின் வளைவு எல்லாம் அப்படியே புடைத்து, தொட்டால் கசியும். ஆறிய பிறகு நம் நிறத் தோலில் அந்த வடிவம் கறுத்தோ வெளுத்தோ மாதக்கணக்கில் நிற்கும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பி.பி.டி. ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பெரும்பாலும் ஆயுளுக்கும் அப்படித்தான். பதினேழு வயதில் மணிக்கட்டில் போட்ட கோலத்துக்கு, நரைக்கு டை அடிக்கும் வயதில் முகமும் கண்ணும் வீங்கிப் பலன் கிடைக்கும். சில துணிச் சாயங்களும், பென்சோகெயின் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்துகளும்கூட அவர்களுக்குச் சேராமல் போகலாம்.

துணியிலும் கவனம் தேவை. அடர் கறுப்பு, கருநீல பாலியெஸ்டர் லைனிங்கில் உள்ள சில சாயங்கள் வியர்வையில் கசியும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊர்ப் புழுக்கத்தில் அக்குள் ஓரம், முழங்கை மடிப்பு, தொடை உள்பக்கம் தடித்தால் உடையைச் சந்தேகியுங்கள். புதுத் துணியை இரண்டு தடவை அலசிப் போடுங்கள். உள்ளே வெள்ளைப் பருத்தி இருக்கட்டும். விலை மலிந்த சோக்கரிலும் சங்கிலியிலும் நிக்கல் இருக்கும், வியர்வை அதைக் கரைக்கும். வெள்ளைக் கண், சிவப்புக் கண் லென்ஸ்களை கண் மருத்துவர் பார்க்காமல் வாங்கவே வேண்டாம். தோழியோடு மாற்றிப் போடுவதும் குழாய்த் தண்ணீரில் கழுவுவதும் கருவிழியில் புண் வர வழி.

ஹேர் டை அடிக்கும் முன் காதுக்குப் பின்னால் சொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். கறுப்பு மெஹந்தியில் ஏற்கெனவே கொப்புளம் வந்தவர்கள் அதைக்கூட வீட்டில் செய்யாதீர்கள். முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் எங்களிடம் இருக்கிறது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். திட்டுக்குப் பயந்து முழுக்கைச் சட்டைக்குள் கொப்புளத்தை மறைத்து, சீழ் வைத்த பிறகு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் நாளே வந்திருந்தால் களிம்போடு முடிந்திருக்கும். உடையைப் பற்றிய சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அரிப்பு தொடங்கியதும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்; டூத்பேஸ்டும் எலுமிச்சையும் வேண்டாம். முகம் வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ எனக்கு டோக்கன் போட்டுக் காத்திருக்காமல், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ பக்கத்தில் உள்ள அவசரப் பிரிவுக்கோ உடனே போங்கள். பூசிய டையின் பாக்கெட்டையோ மெஹந்திக் கூம்பையோ கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.