பிறக்கும் முன்பே ஒரு ஈசிஜி

பிரசவ வலி வந்து கருப்பை இறுகும்போதெல்லாம், நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் சேர்ந்து நெரிபடுகின்றன. குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த நேரத்தில் குறைந்து, வலி தளர்ந்ததும் மீள்கிறது. பெரும்பாலான குழந்தைகள் இதைத் தாங்கிக்கொள்ளும். தாங்க முடியாமல் திணறும் குழந்தையை உரிய நேரத்தில் கண்டுபிடிக்க, அதன் இதயத்தைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

தாயின் வயிற்றில் பட்டை கட்டிப் பார்க்கும் சிடிஜி கருவி, மீயொலி அலைகளை அனுப்பி இதயத்தின் அசைவைப் பிடிக்கிறது. நிமிடத்துக்கு 110 முதல் 160 துடிப்பு என்றால் இயல்பு. ஆனால் குழந்தை நகர்ந்தால் பதிவு அறுந்துவிடும். சில சமயம் தாயின் துடிப்பையே குழந்தையுடையது என்று காட்டிவிடும்.

சரி, இதயத்தின் மின்சாரத்தையே பிடித்தால்? 1906-லேயே ஜெர்மனியில் மாக்ஸ் கிரேமர் அதைப் பதிவு செய்துவிட்டார். ஆனால் தாயின் வயிற்றுத்தோல் வரை வந்து சேரும் குழந்தையின் சமிக்ஞை சில பத்து மைக்ரோவோல்ட்தான். தாயின் இதயச் சமிக்ஞை அதைவிடப் பல மடங்கு பெரியது. கருப்பைத் தசையின் மின்சாரமும் குறுக்கே வரும். அதனால் தாயின் துடிப்பு வடிவத்தைக் கணினி முதலில் கண்டறிந்து கழித்துவிட்டு, மிச்சத்தில் குழந்தையைத் தேடுகிறது.

இன்னொரு வழி, குழந்தையின் தலைத்தோலில் மேலாகப் பதியும் சிறு சுருள் கம்பி. பனிக்குடம் உடைந்து, கருப்பை வாய் ஓரளவு திறந்த பிறகே இதை வைக்க முடியும். தோலில் சிறு காயம் ஏற்படும் என்பதால், தாய்க்கு எச்ஐவி போன்ற தொற்று இருந்தால் தவிர்ப்பார்கள். ஆனால் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியை இவ்வளவு துல்லியமாகத் தருவது வேறில்லை.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது அலையின் வடிவம். ஆக்சிஜன் குறைந்தால் குழந்தையின் உடலில் அட்ரினலின் ஏறுகிறது. இதயத்தசை, சேமித்து வைத்த கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாமலேயே எரிக்கத் தொடங்குகிறது. அப்போது உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வரும் மேடான 'டி' அலை உயர்கிறது. குழந்தை தன் கையிருப்பைச் செலவழிக்கத் தொடங்கிவிட்டது என்பதை அந்த மேடு சொல்லிவிடுகிறது!

இதை வைத்து, 'டி' அலையையும் அதற்குச் சற்று முந்தைய 'எஸ்டி' பகுதியையும் கவனிக்கும் 'எஸ்டி' பகுப்பாய்வு முறை உருவானது. 2001-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், ஆக்சிஜன் குறைவால் இரத்தத்தில் அமிலம் மிகுந்து பிறக்கும் குழந்தைகள் குறைந்தார்கள். ஆனால் 2015-இல் வெளிவந்த, 11,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில் பயன் தெரியவில்லை; சிசேரியன் அறுவை சிகிச்சையும் குறையவில்லை.

எஸ்டி கருவி, குழந்தையின் இப்போதைய அலையை அதே குழந்தையின் முந்தைய அலையோடுதான் ஒப்பிடுகிறது. கம்பி வைப்பதற்கு முன்பே கையிருப்பு தீர்ந்திருந்தால், உயர்வதற்கு எதுவும் இருக்காது; எச்சரிக்கையும் வராமல் போகலாம். அதனால் கருவியைப் பொருத்தும் முன் குழந்தை நலமாக இருக்கிறதா என்று சிடிஜியில் பார்த்தே ஆக வேண்டும். தாயின் நாடியையும் தனியாகப் பார்க்க வேண்டும்: குழந்தை இறந்துவிட்டிருந்தால், தாயின் மின்சாரம் அதன் உடல் வழியே வந்து அதே கம்பியில் துடிப்பாகத் தெரியக்கூடும்.