ஆடிக் காற்றும் கோ-பைலட்டும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆட்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழையும் மேல்காற்று வாளையாரைத் தாண்டிக் கோவை வரை ஓயாது. கோவை ரன்வேயோ தென்மேற்கு நோக்கி, சுமார் 230 பாகையில் கிடக்கிறது. நேர் மேற்கிலிருந்து 25 நாட், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், அதில் 16 நாட் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும்.

ஏர்பஸ் 320க்கு இது பெரிய காற்றில்லை. ஆனால் பல நிறுவனங்களில் கோ-பைலட் இறக்கலாம் என்ற பக்கக் காற்று வரம்பு கேப்டனுடையதைவிடக் குறைவு. வரம்பு மீறினால் கேப்டனே இறக்குவார். பயணிகள் பாதுகாப்புக்குத்தான், சரி. பயிற்சி தருபவனாக எனக்கு உறுத்துவது வேறு. வருடக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர், கேப்டனாகி, புதுக் கேப்டனுக்கான கட்டுப்பாடுகள் நீங்கியதும் முழு வரம்புக்கும் பொறுப்பாகிவிடுகிறார். இடையில் கை எங்கே பழகியது?

வேலை கடைசிச் சில விநாடிகளில்தான். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நண்டு மாதிரி வருகிறோம். தரைக்குச் சற்று மேலே ரட்டரை, அதாவது வாலிலுள்ள திசைப் பலகையைத் திருப்பும் பெடலை, மிதித்து ரன்வே கோட்டுக்கு நேராக்க வேண்டும். மிதித்ததும் காற்றுப் பக்க இறக்கை எழும்பப் பார்க்கும். இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஐலரான் பலகையால் அடக்க வேண்டும். முன்பே மிதித்தால் விமானம் ஓரம் போகும், தாமதித்தால் சக்கரம் கோணலாக மோதும். இந்த வரிசையைச் சிமுலேட்டர் நன்றாகவே பழக்கும். தரையருகே காற்று தாறுமாறாக உலுக்குவதை அதில் முழுதாக உணர முடியாது.

2008 மார்ச் 1 அன்று ஹாம்பர்கில் லுஃப்தான்சா ஏர்பஸ் 320 ஒன்றைக் கோ-பைலட் இறக்கிக்கொண்டிருந்தார். காற்றின் திடீர் வீச்சு 47 நாட் வரை என்று கட்டுப்பாட்டு டவர் சொல்லியிருந்தது. இறக்கை நுனி ரன்வேயில் உரசியது. கோ-அரவுண்ட் செய்தார்கள், அதாவது இறங்காமல் மறுபடி மேலெழுந்தார்கள்; யாருக்கும் காயமில்லை. விமான ரகத்தின் சோதனைப் பறப்பில் இறக்கிச் செய்துகாட்டிய பக்கக் காற்றளவு வழிகாட்டியா, வரம்பா என்பதில் விமானிகளிடையே ஒத்த புரிதல் இல்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. அந்த ரகத்துக்குச் செய்துகாட்டியது 33 நாட், வீச்சோடு 38.

ஆகவே லாக் புக்கில் எத்தனை மணி நேரம் என்று பார்த்துத் தகுதி முடிவுசெய்வதில் எனக்கு உடன்பாடில்லை. பயிற்சிக் கேப்டன் உடனிருக்க, 10 நாட் பக்கக் காற்றில் தொடங்கி, கை பழகியபின் 15, அப்புறம் நிறுவன விதி அனுமதிக்கும் வரை ஏற்றலாம். கேப்டன் இறக்கும்போது விலகலைக் கண்டதும் ‘கோ-அரவுண்ட்’ என்று வாய்விட்டுச் சொல்கிறாரா என்பதையும் மதிப்பிட வேண்டும். மரியாதை பார்த்து வாயடைத்துப் போகிறவர்கள் நம்மவர்களில் நிறைய.

தம்பிமாரே, அடுத்த சிமுலேட்டர் அமர்வில் நேரம் மிஞ்சினால், முழு வீச்சுக் காற்றை வைத்து, தரையைத் தொடும் நொடியில் மேலெழும் பயிற்சியைக் கேளுங்கள். நாங்கள் மறுக்க மாட்டோம்.