கோட்டுப் பையில் ஒரு சதுரத் துணி: நிறப் பொருத்தத்தின் அறிவியல்

டையும், கோட்டின் மார்புப் பையில் அழகுக்காகச் செருகும் பாக்கெட் ஸ்கொயர் என்ற சதுரத் துணியும் ஒரே துணியில் வெட்டப்பட்டு, ஒரே பெட்டியில் ஜோடியாக விற்கப்படுவதுண்டு. எதை எதோடு போடுவது என்று யோசிக்கவே வேண்டாம் என்பதுதான் அந்த ஜோடியின் கவர்ச்சி. ஆனால் அதை அணிந்தவரைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஒரே நிறத்தில் இரண்டு திட்டுகள் முன்னால் வந்து நிற்கும். முகம் பின்னால் போய்விடும். நன்றாக உடுத்தத் தெரிந்தவர்கள் இந்த ஜோடியைத் தவிர்த்துவிடுவார்கள். மார்புப் பையில் செருகும் துணி டைக்கு உறவாக இருக்கலாம், டையாகவே இருக்கக் கூடாது என்பார்கள். இதை வெறும் ரசனை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கண் நிறங்களை எப்படி ஒப்பிடுகிறது, நூலிழை ஒளியை எப்படித் திருப்பி அனுப்புகிறது என்று பார்த்தால் அந்த ரசனைக்குப் பின்னால் உறுதியான காரணங்கள் இருக்கின்றன.

பாரிஸில் கோப்லான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் இருந்தது. அதன் சாயப் பிரிவுக்கு 1824இல் மிஷெல் யூஜீன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். அவரிடம் வந்த புகார்களில் ஒன்று: நீலம், ஊதா நிறத் துணி மடிப்புகளுக்கு நிழல் காட்டப் பயன்படும் கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது. ஷெவ்ரல் அந்தக் கறுப்பை வேறு இடங்களில் சாயமேற்றிய கறுப்புகளோடு ஒப்பிட்டார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் அந்தக் கறுப்பைக் கெடுத்தன. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று தம்மிடமிருந்து எதிர்த்திசைக்குத் தள்ளுகின்றன என்பதை அவர் விரிவாக ஆராய்ந்து 1839இல் நூலாக வெளியிட்டார்.

இந்தத் தள்ளுதல் விழித்திரையிலேயே தொடங்குகிறது. அங்குள்ள நரம்புச் செல் தன்மேல் விழும் ஒளியை மட்டும் அளந்து மூளைக்கு அனுப்புவதில்லை; அக்கம்பக்கத்துச் செல்களின் குரலை அடக்கவும் செய்கிறது. லாட நண்டின் கண்ணில் இந்தப் பக்கவாட்டுத் தடுப்பைக் கண்டறிந்த ஹார்ட்லைன், 1967ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர். நிறத்திலும் இதே போக்குதான். நிறத்தை உணரும் மூன்று வகைக் கூம்புச் செல்கள் தரும் தகவல் அப்படியே மேலே செல்வதில்லை. சிவப்பா பச்சையா, நீலமா மஞ்சளா, வெளிச்சமா இருட்டா என்ற மூன்று வேறுபாடுகளாக மாற்றப்பட்டே செல்கிறது. அதன்பின் மூளையும் தன் பங்குக்குச் சுற்றுப்புறத்தோடு ஒப்பிடுகிறது. ஆக, நாம் உணரும் எந்த நிறத்திலும் அதன் பக்கத்து நிறத்தின் பங்கு கலந்தே இருக்கிறது.

இதைக் கோட்டின் மேல் வைத்துப் பார்ப்போம். நடுத்தரச் சாம்பல் நிறத் துணியைக் கருநீலக் கோட்டுப் பையில் செருகினால் அதில் லேசான மஞ்சள் வெதுவெதுப்பு ஏறும். அதே துணி பழுப்புக் கோட்டில் நீலச்சாயல் காட்டும். பச்சைச் சாயல் உள்ள கம்பளிக் கோட்டில் மங்கலான அரக்குச் சிவப்பும் செழித்துத் தெரியும். இதிலிருந்து எனக்குக் கிடைத்த நடைமுறை விதி ஒன்று உண்டு: மனம் கேட்கும் நிறத்தைவிட ஒரு படி மங்கலானதை எடுப்பது. மீதிச் செழுமையைக் கோட்டு தந்துவிடும். வெள்ளை மேசைமேல் விரித்துப் பார்க்கும்போது சற்றுச் சோர்வாகத் தெரிகிற துணிதான் பெரும்பாலும் கோட்டின் மேல் சரியாக உட்காருகிறது. அதனால் துணியை எடுக்கப் போகும்போது கோட்டை அணிந்து போவதே நல்லது.

இரண்டு நிறங்கள் நேரடியாக ஒட்டி நிற்கும்போது மிகச் சிறிய வேறுபாட்டையும் கண் பிடித்துவிடும். அவற்றுக்கிடையே மூன்றாவது நிறம் ஒன்று வந்துவிட்டால் அந்தக் கூர்மை குறைகிறது. பாக்கெட் ஸ்கொயர் எதை ஒட்டி நிற்கிறது? கோட்டை. டைக்கும் அதற்கும் நடுவில் கோட்டின் முன்பக்கம் வெளிப்புறமாக மடிந்து நிற்கும் லேபலும் சட்டையின் ஒரு பகுதியும் இருக்கின்றன. ஆகவே கோட்டோடு உள்ள உறவும் டையோடு உள்ள உறவும் ஒரே வகையாக இருக்க முடியாது. கோட்டிலிருந்து அது தெளிவாக விலகி நிற்க வேண்டும். கருநீலக் கோட்டில் ‘கிட்டத்தட்ட அதே’ கருநீலத் துணியைச் செருகுவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. வேறுபாடு தெரியும், ஆனால் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியாது. டை விஷயத்தில் கண் தாராளமாக விட்டுக்கொடுக்கும். டையில் உள்ள ஒயின் சிவப்புக் கோடும் துணியின் ஓரத்தில் உள்ள சிவப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கத் தேவையில்லை. ஒரே குடும்பம் என்று தெரிந்தால் போதும்.

அந்தக் குடும்ப உறவு ஏன் இதமாக இருக்கிறது என்பதற்கு ஜெர்மனியில் பணியாற்றிய உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர் 1923இல் எழுதிய குழுவாக்க விதிகள் உதவுகின்றன. ஒத்த தன்மை உள்ளவற்றைப் பார்வை தானாகவே ஒரு குழுவாகச் சேர்க்கிறது. டையின் இரண்டாவது நிறத்தையோ சட்டையில் ஓடும் கோடுகளின் நிறத்தையோ பையில் உள்ள துணி சிறிதளவு எடுத்துக்கொண்டால், கண்ணுக்குப் புலப்படாத இழை ஒன்று உடை முழுவதையும் கட்டுகிறது. துணி, நிறம், கோலம் மூன்றும் ஒன்றாகவே இருந்தாலோ அந்தக் கட்டு இறுகிப்போகும். டையும் துணியும் சேர்ந்து தனி உருவமாகிக் கோட்டிலிருந்து பிரிந்து நிற்கும். தொடக்கத்தில் சொன்ன ஜோடிப் பெட்டியின் சிக்கல் பாதி இதுதான். மீதிப் பாதி நெசவில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உடைக்குறிப்புகளில் அதிகம் பேசப்படாத, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற செய்தி வேறு. உங்கள் பாக்கெட் ஸ்கொயரை எதிரில் இருப்பவர் பெரும்பாலும் நேராகப் பார்ப்பதே இல்லை. பேசும்போது அவர் பார்வை உங்கள் முகத்தில் இருக்கும். கண்ணிலிருந்து மார்புப் பை ஏறத்தாழ 35 செ.மீ. கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் தொலைவில் இது 13 டிகிரிக் கோணம். கூர்மையாகப் பார்க்க உதவும் விழித்திரையின் மையப்பகுதியோ ஏறத்தாழ 2 டிகிரிதான். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அதன் அகலம் எவ்வளவோ அவ்வளவு. அப்படியென்றால் உங்கள் துணி அவருடைய ஓரப்பார்வையில்தான் வாழ்கிறது. ஓரப்பார்வையில் நுண்ணிய கோலம் கரைந்துவிடும், நிறவேறுபாடு பலவீனமாகும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடும் துணியின் புறவடிவமும் மட்டும் தப்பிப் பிழைக்கும்.

எனவே நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் வெளிர்மை எவ்வளவு என்று கேட்பது நல்லது. கோட்டையும் துணியையும் சேர்த்துக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால், நேரில் எவ்வளவு அழகான நிறச்சேர்க்கையாக இருந்தாலும் தொலைவில் அது காணாமல் போகும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. வெளிர்மை வேறுபாடு அவர்களுக்கும் எட்டும்.

கோலங்களுக்கு வருவோம். கோடு, புள்ளி, கட்டம் எதுவானாலும், எத்தனை நெருக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைப் பொறுத்துக் கண்ணின் உணர்திறன் மாறுகிறது. ஒரு டிகிரிக்குள் 3 முதல் 5 முறை வரும் கோலத்துக்கு அது உச்சத்தில் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் தொலைவில் ஒரு டிகிரி என்பது 2.6 செ.மீ. ஆகவே நேராகப் பார்க்கிறவருக்கு 5 முதல் 9 மி.மீ. இடைவெளியில் வரும் கோலமே மிகப் பளிச்சென்று படும். 2 மி.மீ. இடைவெளியில் உள்ள பொடிப்புள்ளிகள் அருகில் புள்ளிகளாகத் தெரிந்தாலும், சில மீட்டர் தள்ளிப் போனால் ஒற்றை நிறமாகக் குழைந்துவிடும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 1968இல் கேம்பெல், ராப்சன் என்ற பார்வை ஆய்வாளர்கள் இருவரும் நடத்திய சோதனைகள், நம் பார்வை பருமனான கோலங்களையும் நுண்ணிய கோலங்களையும் தனித்தனித் தடங்களில் கையாளுவதைக் காட்டின. ஒரே அளவுக் கோலங்கள் ஒரே தடத்தில் போட்டியிடுகின்றன. டையில் 8 மி.மீ. இடைவெளியில் கோடுகளும் துணியில் 8 மி.மீ. இடைவெளியில் புள்ளிகளும் இருந்தால் எது முன், எது பின் என்று பார்வைக்குத் தெரிவதில்லை. ஒன்றின் அளவை மற்றதைப்போல இரண்டு மூன்று மடங்காக்கினால் தடங்கள் பிரிந்துவிடும். கோடிட்ட டைக்குப் பெரிய மாங்காய்க் கோலத் துணி பொருந்துவது இப்படித்தான். மடித்துச் செருகும்போது அந்தப் பெரிய கோலத்தில் ஒரு துண்டு மட்டுமே வெளியே தெரியும் என்பதால், அது கோலமாகவே தெரியாமல் இரண்டு மூன்று நிறத் தீற்றல்களாக மாறிவிடுவதும் நல்லதற்கே.

இப்போது நெசவு. டையை நெசவுக்கு 45 டிகிரி சாய்த்து, தையல்காரர்கள் சொல்வதுபோல் கிராஸாக வெட்டுவார்கள். அப்படி வெட்டினால்தான் முடிச்சுப் போட்டாலும் இழுபட்டு மறுபடி பழைய வடிவத்துக்கு வரும். பாக்கெட் ஸ்கொயரோ பாவும் ஊடையும் நேராக ஓடும் சதுரம். பையில் அது சுருண்டும் மடிந்தும் நிற்பதால் ஒளி அதன்மேல் பல கோணங்களில் விழுகிறது. அதிலும் பட்டிழையின் குறுக்குவெட்டு முனை மழுங்கிய முக்கோணம் போன்றது. தட்டையான பக்கங்கள் ஒளியைக் குறிப்பிட்ட திசைகளில் திருப்புகின்றன. மடிப்பின் முதுகில் பளிச்சென்ற கோடு, பள்ளத்தில் அடர்ந்த நிழல். ஒரே சாயத்தொட்டியில் தோய்ந்த பட்டானாலும் டையில் ஒரு நிறம், பையில் நான்கு நிறம். அச்சாகப் பொருந்த வேண்டும் என்று செய்த ஜோடி உண்மையில் பொருந்துவதே இல்லை.

லினன் இதற்கு நேரெதிர். அதன் இழைகள் தடிப்பும் மெலிவுமாக ஓடுவதால் பெரிய பளபளப்பு இல்லை. நிறம் அமைதியாக, சீராகத் தெரியும். லினன் இழை அதிகம் நீளாது, அறுபடுமுன் சில சதவீதமே நீளும். அதனால் இஸ்திரி போட்ட மடிப்பைக் கத்திமுனையாகப் பிடித்துவைத்திருக்கும். நேர்க்கோடாக மடித்து ஒன்றரை செ.மீ. வெளியே காட்டும் மடிப்புக்கும் முக்கோண முனைகளுக்கும் லினனும் பருத்தியும் ஏற்றவை. வழவழப்பான பட்டு பைக்குள் மெல்ல இறங்கிவிடும்; அதை உப்பலாகச் செருகி, அடிப்பாகத்தைச் சுருட்டித் திணிக்க வேண்டும். பட்டும் கம்பளியும் கலந்த துணியில் கம்பளி இழையின் செதில்கள் உராய்வைத் தருவதால் அது நகராமல் நிற்கும். பளபளக்கும் பட்டு டைக்கு மங்கலான லினன், சொரசொரப்பான கம்பளி டைக்குப் பட்டு என்று மாற்றி வைப்பதன் காரணமும் ஒளிதான். இரண்டு இடத்தில் மினுமினுத்தால் பார்வை இரண்டுக்கும் நடுவே அலையும்.

விளக்கை மறந்துவிட்டு உடையைப் பற்றிப் பேச முடியாது. பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளி, ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் கெல்வின் அளவீட்டில் 2700 அளவில் இருக்கும். அதில் நீலம் மிகக் குறைவு. நீலத்தைத் திருப்பி அனுப்ப ஒளியில் போதிய நீலம் இல்லாதபோது கருநீலக் கோட்டு கறுப்பாகிவிடும். அதன்மேல் பகலில் பளிச்சென்று நின்ற அடர்நீலத் துணியும் கறுப்போடு கறுப்பாகக் கரையும். இன்னொரு வகைத் தொல்லை மெட்டாமெரிசம். வெவ்வேறு சாயக்கலவையால் உண்டான இரண்டு பழுப்புகள் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்து, வேறொரு விளக்கில் பிரிந்து நிற்கும். கூம்புச் செல்கள் மூன்றே வகை என்பதால் வெவ்வேறு ஒளிக்கலவைகள் அவற்றுக்கு ஒரே செய்தியாகப் போய்ச் சேருகின்றன. விளக்கு மாறினால் அந்தத் தற்செயல் ஒற்றுமை கலைகிறது. மாலை நிகழ்ச்சிக்குப் போடும் துணியை அதே போன்ற மஞ்சள் விளக்கின் கீழ் ஒருமுறை பார்ப்பதே வழி.

எல்லாச் சோதனையிலும் தேறுவது வெள்ளை லினன். அடர்நிறக் கோட்டில் வெளிர்மை வேறுபாடு அதிகபட்சம், ஓரப்பார்வையிலும் தெரியும், எந்த விளக்கிலும் கோட்டோடு கலக்காது, எந்த டையோடும் சண்டைக்குப் போகாது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். வெள்ளைச் சட்டைத் துணியிலும் சலவைத் தூளிலும் ஒளிர்விப்பான் என்ற வேதிப்பொருள் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக உமிழ்வதால் சட்டை வெயிலில் வெள்ளையைவிட வெள்ளையாகத் தெரிகிறது. ஒளிர்விப்பான் ஏறாத லினனும், இயல்பிலேயே பாலாடை நிறம் கொண்ட பட்டும் அதன் பக்கத்தில் பழுத்துப்போனதுபோல் தோன்றலாம். வீட்டுக்குள் எல்.இ.டி. விளக்கில் புற ஊதா மிகவும் குறைவு என்பதால் அங்கே இரண்டும் சமமாகத் தெரிந்து நம்மை ஏமாற்றிவிடும். ஆகவே வெள்ளைக்கு வெள்ளை சேர்ப்பதாக இருந்தால் சன்னலோர வெளிச்சம் போதாது, கண்ணாடி புற ஊதாவில் கணிசமான பங்கைத் தடுத்துவிடும். சட்டையையும் துணியையும் வாசலுக்கு வெளியே எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள்.